பகுதிச் சேதம்

தாலுகா ஆபீசில் என்னிடம்
'உங்க ஊர் ஆளுங்க' என்பார்கள்.
ஊரில், 'உங்க ஆபீசு' என்பார்கள்.
கிராம உதவியாளர் நான்.
முப்பது மீட்டர் நாடா ஒன்று, டார்ச் ஒன்று,
பேட்டரி என் செலவு.

ஏழாம் நம்பர் லயத்தின் மேல்
மேடு இறங்கிய இரவு
மூன்று எண்களுக்கு அடித்தேன்.
ஒன்று எடுத்தது.
பெயர், பதவி, கிராமத்தின் குறியீட்டு எண் கேட்டது.
'குழு கிளம்பிடுச்சு' என்றது.
பொய் இல்லை, கிளம்பித்தான் இருந்தது.
நாடுகாணியில் மரம் விழுந்து கிடந்தது.
அது நெடுஞ்சாலையின் மரமா
வனத்துறையின் மரமா என்று
முடிவான பிறகு ரம்பம் வந்ததாம்.

அதற்குள் பணியர் குடியிலிருந்து
கடப்பாரையோடு போளன் ஏறி வந்துவிட்டார்.
சகாயமேரியின் இரண்டு மகன்கள்,
பால் சொசைட்டி தவமணி,
யாரென்றே தெரியாத ஒரு லாரி கிளீனர்.
சட்டியால் அள்ளினோம்.
கொழுந்துக் கூடையால் அள்ளினோம்.
அள்ளிய பள்ளத்திலேயே
மண் வந்து உட்கார்ந்தது.

மூன்றேகாலுக்கு மஞ்சள் விளக்கு.
சைனுத்தீன்.
எல்லைக்கு அந்தப் பக்கம் க்வாரியில்
ஜேசிபி ஓட்டுகிறவர்.
கூப்பிட்டது யாரென்று தெரியாது.
சோலாடி செக்போஸ்டில் கட்டையைத் தூக்கியது யாரென்று
தெரியும்,
சொல்ல மாட்டேன்.
'எவிடெயா?'
கேட்டது அவ்வளவுதான்.

பொன்மலரையும் கைக்குழந்தையையும்
விடியுமுன் எடுத்தோம்,
இருமிக்கொண்டே வந்தார்கள்.
பழனியாண்டி அண்ணனை ஒன்பதரைக்கு.
பாயோடு.

பள்ளிக்கூடத்தில் முகாம்.
உப்புமா ஆறிக்கொண்டிருக்க
புஷ்பநாதன் ஆரம்பித்தார்:
'வரி வாங்குறவன் வரணும்.
நாமளே பாத்துக்கிட்டோம்னு மார் தட்டுனா
அடுத்த வருசம்
மரம் வரைக்கும்கூட வர மாட்டான்.'
'வர்ற வரைக்கும் புதைஞ்சு கெடக்கவா?
கை இருக்குல்ல நமக்கு?'
இது சகாயமேரி.
'இருக்கு. மேட்டுக்கு மேல
ரிசார்ட்டுக்கு ரோடு வெட்டச் சொல்லி
கையெழுத்துப் போட்டுச்சே,
அதுவும் நம்ம கையா?'
அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் நாடாவைத் துடைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

போளன் பெயர் முகாம் பட்டியலில் இல்லை.
அவர் குடிசை இடியவில்லை,
ஆகவே உப்புமா இல்லை.
என் பெயரில் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
முழுச் சேதம், பகுதிச் சேதம்.
லயம் தேயிலைக் கழகத்துடையது,
மண் வழக்கில் இருக்கிறது,
வீட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும்
யாருடையவர்கள் என்று கட்டமில்லை.
என் வீட்டில் பின்சுவர் போயிருந்தது.
அதை நானே அளக்கக் கூடாது.
பக்கத்துக் கிராமத்து உதவியாளர் வர வேண்டும்.
அவர் ஊரிலும் மண்.

பதினெட்டாம் நாள் ஒரு கவர்.
மலைப்பகுதியில் அனுமதியின்றி
மண் அள்ளும் இயந்திரம் இயக்கியதற்கு
விளக்கம் கோரி.
பெறுநர் சைனுத்தீன்.
நேரில் சேர்ப்பிக்க வேண்டியது நான்.

விதி சரிதான், அதைச் சொல்லியாக வேண்டும்.
அது இல்லையென்றால்
இந்த மலையை என்றைக்கோ கரைத்திருப்பார்கள்.
அது இருக்கும்போதே கரைத்தவர்களுக்கு
இதுவரை ஒரு கவரும்
என் பையில் வந்ததில்லை.

பஸ்ஸில் போனேன்.
கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்.
தமிழ் வாசிக்க வராதாம்,
என்னையே வாசிக்கச் சொன்னார்.
இரண்டு பக்கத்தையும் வாசித்தேன்,
'மேற்படி நபர்' என்று வரும் இடங்களில்
குரலைத் தாழ்த்தி.
முடிந்ததும்,
'ஆ குஞ்ஞு?' என்றார்.
'பால் குடிக்குது. ராத்திரியில தூங்க மாட்டேங்குது.'
தலையாட்டிவிட்டு
மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார்.

கீழே சாட்சி என்று ஒரு கோடு.
என் பெயரை எழுதினேன்.
அடுத்தது பதவி.
பேனா அங்கே நின்றுகொண்டிருந்தபோது
திரும்பும் பஸ்
செக்போஸ்டில் ஹாரன் அடித்தது.